யவனத்திட்டுக்கு நடந்த செங்கற்கள்

பங்குனி வெயிலுக்குப் பயந்து நண்டுகூட வளையை விட்டு வராத ஒரு மத்தியானத்தில், கண்டல்குப்பத்து நாட்டார் கலிவரதனின் வீட்டு நிலைப்படிக்கு அடியில் இருந்த செங்கல் ஒன்று காரையை உதறிக்கொண்டு கழன்று, தெருவில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யவனத்திட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது. மீனவர் பஞ்சாயத்துக்குத் தலைவராக இருப்பவரைத்தான் நாங்கள் நாட்டார் என்போம்; எதற்கும் பதறக் கூடாது என்பதுதான் அந்தப் பதவிக்கு உள்ள ஒரே தகுதி. அவர் பிசைந்த சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்து, கல் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே போய் மீதியைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மனைவியிடம் சொன்னார்.

"நம்ம வூட்டுக் கல்லு ஒன்னு வெளிய போயிருக்குது. கதவச் சாத்திடாத."

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் கல் போகாத தெரு இல்லை. மாரியம்மன் கோயில் மடப்பள்ளி அடுப்பிலிருந்தும், மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்தும், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்து மேடையிலிருந்தும், கள்ளுக்கடையில் குடிகாரர்கள் சாய்ந்து சாய்ந்து வழவழத்துப்போன சுவரிலிருந்தும், ஒன்றும் இரண்டுமாகக் கழன்று, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் நடந்து, சாலையோரமாகவே போய், டவுன் பஸ் வந்தால் நின்று வழிவிட்டு, பஸ் போனதும் மறுபடி நடந்து, எல்லாக் கல்லும் ஒரே திசையில்தான் போயின.

யவனத்திட்டு என்பது எங்கள் ஊர் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், உப்பங்கழிக்கு நடுவே முதுகைக் காட்டிப் படுத்திருக்கிற மேடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியிலிருந்து வந்த யவனர்கள் அங்கே கப்பலை நிறுத்தி, அடி கூராக இருக்கும் சாடிகளில் திராட்சை மதுவை இறக்கி, இங்கிருந்து மணியும் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும், சரக்கு வைக்க ஒரு கிட்டங்கி கட்டினார்கள் என்றும், தோண்டிப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். யவனர் கட்டியது என்கிறார்களே தவிர, மண் எங்கள் ஆற்று மண், மிதித்துக் குழைத்தது எங்கள் ஊர்க் கால், சுட்டது எங்கள் ஊர் விறகு. ரோமாபுரியிலிருந்து செங்கல்லைச் சுமந்துகொண்டு எவனும் கப்பல் ஏறியிருக்க மாட்டான். தோண்டியவர்கள் பாதி தூரம் ஒரு கம்பி வேலியும் துருப்பிடித்த ஒரு பலகையும் விட்டுப் போனார்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம், அதாவது எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டோம் என்றால் திருடினோம் என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் யார் வீடு கட்டினாலும் முதல் கல் திட்டிலிருந்துதான் வர வேண்டும், அது உப்புக்காற்றில் அரிக்காத கல். எடுக்கிறவர் ஒரு செம்பு கள்ளை மண்ணில் ஊற்றி, 'யவனரே, ஒன்னு எடுத்துக்கறோம், வேணும்னா கேளுங்க, குடுத்துடறோம்' என்று சொல்லிவிட்டு எடுப்பார். இதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. சாப்பிடும்போது யாராவது வந்தால் 'வாங்க, சாப்பிடலாம்' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. சொன்னதற்காக யாரும் கூடுதலாக உலை வைப்பதில்லை. அப்படி எங்கள் பாட்டன் ஒரு கல், அவன் பாட்டன் ஒரு கல், மாட்டுத்தொழுவத்துக்கு ஒரு கல், கல்யாணப் பந்தலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் என்று கிட்டங்கி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் குடிவந்துவிட்டது. இப்போது யவனர் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அவர் ஏன் இப்போது கேட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நீலக்கரை என்று ஒரு கம்பெனி திட்டைச் சுற்றி இருந்த நிலத்தையெல்லாம் வாங்கி, திட்டையும் மட்டம்தட்டி, பட்டணத்து ஆட்கள் படுத்துக்கொண்டே கடலைப் பார்ப்பதற்கு அறைகள் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தது. தொல்லியல் அதிகாரி ஒருவர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார், கட்டடம் என்று ஒன்று நின்றால் திட்டு காப்பாற்றப்படும், வெறும் மேடாகக் கிடந்தால் கம்பெனிக்குப் போகும், இதுதான் பேச்சு. கம்பெனியின் மேனேஜர் கிருபாகரன் எங்கள் சமுதாயக் கூடத்தில் நின்றுகொண்டு, "அங்க என்ன இருக்கு? இருந்ததையெல்லாம் நீங்களே பேத்துக்கிட்டு வந்துட்டீங்களே" என்று சிரித்தான். உண்மையைத்தான் சொன்னான், அதனால்தான் சுருக்கென்றது. ஆனால் படகு கட்டுவதற்குப் புதுத் துறை கட்டித் தருகிறேன் என்றும் சொன்னதால் எங்களில் பாதிப் பேர் சிரித்த முகத்தோடுதான் வீட்டுக்குப் போனோம். அந்த வாரமே கல் நடக்க ஆரம்பித்தது.

முதல் இரண்டு நாள் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம், அப்புறம் கோபம் வந்தது. மீன் வலையைப் போட்டுக் கட்டிப் பார்த்தார்கள், வலையில் கல் அளவுக்கு ஒரு ஓட்டைதான் மிச்சம். தங்கராசு கொத்தனார் சிமெண்டைக் குழைத்து அப்பினார், கல் சிமெண்டையும் முதுகில் போட்டுக்கொண்டு புதுச்சட்டை மாட்டியவன் மாதிரிப் போனது. ஒருத்தர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், பெட்டி நடந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள், மறுநாள் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு தலை ஆட்டுக்குட்டி பிறந்ததால் அங்கே போய்விட்டார்கள். அதன் பிறகு பழகிவிட்டது. தார் ரோட்டுச் சூட்டில் போகிற கல்லுக்குப் பெண்கள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். நாய்கள் குரைப்பதை விட்டன. பஸ் டிரைவர், "கல்லு போயிடட்டும், எடுக்கலாம்" என்று பீடி பற்ற வைத்துக்கொண்டார். சுவரில் விழுந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்பங்கரை தெரிந்தது, யார் வீட்டில் வஞ்சிரம், யார் வீட்டில் வெறும் ரசம் என்பது வெளியே வந்தது, பல வருஷம் பேசாமல் இருந்த ஓரகத்திகள் ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க முடியாமல் கடைசியில் உப்பு கேட்டுப் பேசிவிட்டார்கள்.

திட்டில் போய்ப் பார்த்தால் இன்னொரு கூத்து. போன கல் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. கோயில் அடுப்புக் கல்லின் கரியும், மாதா கோயில் கல்லின் சுண்ணாம்பும், கள்ளுக்கடைக் கல்லின் புளித்த வாடையும் பக்கம் பக்கமாக இருக்க, மேற்குச் சுவர் எழுந்துவிட்டது, தெற்குச் சுவர் எழுந்துவிட்டது, உள்ளே தொட்டிகள்கூட வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டன. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் மட்டும் ஒரு வீட்டு அகலத்துக்குச் சுவரே இல்லை. அந்த அகலம் யார் வீட்டு அகலம் என்பது பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் ஓட்டை விழாமல் நின்றது அஞ்சலாட்சியின் வீடு ஒன்றுதான். நண்டு விற்கிற அஞ்சலாட்சி, புருஷன் இல்லாதவள், வாய்க்குப் பயந்து வியாபாரிகள் எடைக்கல்லைத் துடைத்துவிட்டு நிறுக்கிற அஞ்சலாட்சி. அவளுடைய மாமனார் சாமிக்கண்ணு கல் ஒன்று எடுத்து அதோடு நிற்கிற ஆள் இல்லை. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய், வாரக்கணக்கில் பெயர்த்து, அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர்வரை திட்டுக் கல்லாலேயே எழுப்பினார். கள்ளும் ஊற்றவில்லை, கேட்கவும் இல்லை. 'செத்துப்போன வெள்ளைக்காரன்கிட்ட இன்னா கேக்கறது' என்று சொன்னாராம். வாக்குக் கொடுத்த வீட்டுக் கல்லெல்லாம் வாக்கைக் காப்பாற்றப் போய்விட்டன, வாக்கே கொடுக்காத வீட்டுக் கல்லுக்குப் போக வழியில்லை. முறைப்படி நடந்தவன் வீடு பொத்தல், முறைகெட்டவன் வீடு முழுசு. இந்த அநியாயத்தை நாங்கள் கொஞ்ச நாள் வாய்விட்டே பேசினோம்.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி முழு மனதோடு பொறாமைப்படவும் எங்களால் முடியாது. கடல் ஊருக்குள் வந்த வருஷம், குப்பத்தில் நின்ற சுவர் அது ஒன்றுதான். அதன் மாடியில் ஏறி நின்றவர்கள்தான் இன்று ஊராக இருக்கிறோம். அஞ்சலாட்சியின் புருஷன் இன்னொருவரையும் தூக்கிவர இறங்கினார், ஏறவில்லை. அந்த வீட்டில்தான் இப்போது அவள் மகள் ராகினி தலைப்பிரசவத்துக்கு வந்து, நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் கிருபாகரன் கல்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாக உடைந்த கல் நடக்காது. முதலில் ஒரு லாரி கல்லை அள்ளிக்கொண்டு போய்த் தூர ஊரில் கொட்டிப் பார்த்தான், அவை புழுதி படிந்து நொண்டிக்கொண்டே நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வந்தன. வழியில் ஒன்று லாரிச் சக்கரத்தில் உடைந்து அங்கேயே கிடந்ததைப் பார்த்துத்தான் அவனுக்குப் புத்தி வந்தது. கல்லை உடைத்துக் காட்டுகிற வீட்டுக்குக் காங்கிரீட் வீடு என்று அறிவித்தான். எங்களில் சிலர் உடைத்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் அதே தெருவில்தான் புழங்குகிறோம். சம்மட்டி விழும் சத்தம் கேட்டால் ரோட்டில் போய்க்கொண்டிருந்த கற்கள் அப்படியே நிற்கும், சத்தம் அடங்கினதும் மறுபடி நடக்கும். அதைப் பார்த்த பிறகு உடைத்தவர்களே சம்மட்டியைக் கொல்லையில் போட்டுவிட்டார்கள்.

அதிகாரி வரவேண்டிய வாரம், புதன்கிழமை கிருபாகரன் லட்டுப் பெட்டியோடு அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தான்.

"உங்க வீட்டுக் கல்லு மட்டும் நகரலை பாத்தீங்களாம்மா? அதுங்களுக்கே உங்கள விட்டுப் போக மனசில்லை" என்றான். "நீங்க ஒடைக்கவும் வேணாம், ஒன்னும் செய்யவும் வேணாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இருந்தாப் போதும். உங்களுக்கு வீடு அப்படியே இருக்கும், நான் பாத்துக்கறேன்."

அஞ்சலாட்சி லட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகாமல் திட்டுக்குப் போனாள். ஆற்றைப் பார்த்த அந்த இடைவெளியின் இரண்டு ஓரத்திலும், மேற்கொண்டு கட்டப்போகிறவனுக்காகக் கொத்தனார் பல் விட்டு நிறுத்துவதுபோல், கற்கள் ஒன்று நீட்டியும் ஒன்று உள்வாங்கியும் நின்றிருந்தன. அதற்கு எதிரே கம்பெனியின் மண் தோண்டும் மிஷின் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று தெரியாது. திரும்பி வரும்போது கையில் கடப்பாரை இருந்தது. அது தங்கராசு கொத்தனாருடையது, கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

நாட்டார் கலிவரதன் குறுக்கே வந்தார். ஊரில் ஒருவராவது அவளிடம் வந்து கேட்டிருக்க வேண்டும், ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டைப் பிரித்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"அக்கா, நாங்க யாரும் உன்ன ஒன்னும் கேக்கலயே" என்றார்.

"நீ கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன், போ" என்றாள் அஞ்சலாட்சி. "சும்மா இருந்தாப் போதும்னு சொல்றான் அந்த ஆளு. சும்மா இருக்கறதுக்கு ஒருத்தன் லட்டு குடுத்தா, அப்ப சும்மா இருக்கக் கூடாதுன்னுதான அர்த்தம்?"

ராகினி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, என் புள்ளய நான் எங்கப் படுத்துப் பெறுவேன்? என் மாமியா வூட்ல என்னா சொல்லுவாங்க?"

"ஆஸ்பத்திரியில பெறுவ. உங்க தாத்தன் பண்ண திருட்டுக்குள்ள படுத்துப் பெறவேணாம்." அப்படிச் சொல்லிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "அந்தத் தண்ணி வந்தப்ப இந்தச் சுவருதான்டி நம்மளத் தூக்கிப் புடிச்சுது. எவனோ எவனுக்கோ ஒழுங்கா செஞ்சு வச்ச கல்லு. ரெண்டாயிரம் வருஷமா அவன் வேலை அப்படியே நிக்குது, நம்ம கையில வந்தப்புறம் அழிஞ்சுபோச்சுன்னு நாளைக்கு உன் புள்ள கேக்கக் கூடாது. கேட்டா எனக்குப் பதில் இல்ல."

ராகினி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி வெளியே வைத்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து ஊரே அந்த வீட்டில் இருந்தது. எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை. மாடித் தளத்தைப் பிரித்து உத்திரங்களை ஒருபக்கம் அடுக்கினோம், பிறகு சுவரில் கை வைத்தோம். அந்தக் கற்கள் ஒரு அடிகூடத் தாமாக நடக்கவில்லை. இத்தனை நாள் நடக்கிற கல்லையே பார்த்துப் பழகிவிட்டதால், கல் என்றால் கனக்கும் என்பதையே மறந்துவிட்டோம். உள்ளங்கை தேய்ந்தது, தோள் இறங்கியது, கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தோம். கல்லை உடைத்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள், அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி நின்றார், மாதா கோயில் பாதர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், கள்ளுக்கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான், அது எங்கள் ஊர் சரித்திரத்திலேயே முதல் தடவை. எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று எங்களுக்கு எங்கே தெரியும்? தங்கராசு கொத்தனார் குத்துமதிப்பாகச் சொன்னார், நாங்கள் குத்துமதிப்பாக வைத்தோம். பழைய சுவர் பிசகில்லாமல் நின்ற இடத்தில் எங்கள் சுவர் கொஞ்சம் குடித்துவிட்டு நிற்பதுபோல்தான் நின்றது. ஆனால் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் நாட்டார் எல்லோரையும் கூட்டி ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"அதிகாரி கேட்டா, எல்லாம் முன்னாடியே இருந்துச்சுன்னு ஒரே வாயா சொல்லணும். எவனாவது உளறினா இந்த வருஷம் கோயில் வரி மொத்தமும் அவன் வூட்டுதான்."

அதிகாரி நஸீமா பானு ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயிலில் கறுத்த முகம், முழங்கால்வரை சேறு, எங்கேயோ வேறொரு குழியிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தார். சுவரைச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்தார், தரையில் படுத்து அடிவரிசையைப் பார்த்தார். கிருபாகரன் மிஷினை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

"மேடம், இந்த ஆத்துப் பக்கத்துச் சுவர் நேத்து இவங்களே கட்டினது. ஒரு பொம்பளையோட வீட்டைப் பிரிச்சு இங்க அடுக்கியிருக்காங்க. இதெல்லாம் மோசடி."

அதிகாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் நாட்டாரைப் பார்த்தோம், நாட்டார் வாயைத் திறந்தார், அதற்குள் அஞ்சலாட்சி முன்னால் வந்துவிட்டாள்.

"ஆமாம்மா. நேத்துதான் கட்டினோம். என் வூட்டுக் கல்லு. எங்க மாமனாரு இங்கருந்து கேக்காம பேத்துக்கினு போனது. திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டேன். அவரு வண்டியில எடுத்துக்கினு போனாரு, நான் கையால கொண்டாந்தேன், அதான் வித்தியாசம். இதுக்கு என்னா பேரு வச்சாலும் சரி."

நாட்டார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சுவர் இரண்டும் சேருகிற இடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"பழசு மாதிரி நடிக்க வச்சுக் கட்டினாத்தாம்மா தப்பு" என்றார். "அவங்க வச்சது எது, பின்னால வந்தவங்க வச்சது எதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். இங்க அது நல்லாவே தெரியுது."

தங்கராசு கொத்தனாருக்கு இந்தப் பாராட்டில் முகம் சுருங்கிவிட்டது.

"கட்டடம் நிக்குதுன்னு எழுதறேன். பாதுகாக்க வேண்டிய இடம்னு எழுதறேன்" என்றார் அதிகாரி. "ஆனா அது மேல போய் உத்தரவா வர நாளாகும்."

"வரட்டும், அதுவரைக்கும் சுத்தி இருக்கிற நிலம் எங்களுது, மிஷின் எங்களுது" என்று சொல்லிவிட்டுக் கிருபாகரன் டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தான். மிஷின் உறுமிக்கொண்டு கழியோரத்து வரப்பில் ஏறியது.

அஞ்சலாட்சி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குள் போனாள். ஆற்றுச் சுவருக்கு உள்பக்கமாகப் பாயை விரித்தாள், ராகினியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள், மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து யவனர் மது இறக்கிய தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பற்ற வைத்தாள். பிறகு சுவருக்கு மேலே தலையை நீட்டி டிரைவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வா. உள்ள புள்ளத்தாச்சி இருக்கறா. இடிக்கறதுன்னா ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்து இடி. நான் எங்கயும் போவல."

டிரைவர் கிருபாகரனைப் பார்த்தான், ராகினியின் வயிற்றைப் பார்த்தான், மிஷினை அணைத்துவிட்டான். கிருபாகரன் கத்தினான். டிரைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதிகாரிக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. அவர் தொட்டியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, இது பாதுகாக்க வேண்டிய இடம். உள்ளே அடுப்பு பத்த வைக்கக் கூடாது. யாரும் தங்கவும் கூடாது."

"அப்படியா?" என்றாள் அஞ்சலாட்சி, பாலில் டிகாஷனை ஊற்றிக்கொண்டே. "அப்ப நீ பாதுகாத்துக் காட்டும்மா, நான் எழுந்து போறேன். அதுவரைக்கும் நான்தான் பாதுகாக்கறேன்."

நஸீமா பானு செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, சுவரேறி உள்ளே வந்து, மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயின் மறுமுனையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு காப்பி கேட்டார்.